மலைச்சரிவுத் தோட்டத்தில் பாதைக் கற்களுக்கு நடுவே ஜல்லி இடும் முறை

உதகை, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் என எந்த மலையூரானாலும், வாசலிலிருந்து தோட்டத்துக்கு இறங்கும் பாதையில் கற்களைப் பதித்து, நடுவிலுள்ள இடைவெளிகளைச் சிமென்ட் கலவையால் அடைத்துவிடுவதே பெரும்பாலான வீடுகளில் வழக்கமாக இருக்கிறது. பார்வைக்கு அது துப்புரவாக இருந்தாலும், மழை வந்தவுடன் அதன் குறை தெரிந்துவிடும். இறங்குவதற்கு வழியில்லாத மழைநீர் கல்லின் மேலேயே ஓடி, சரிவில் வேகமெடுத்து, பாத்தி மண்ணை அரித்துக்கொண்டு கீழ்வீட்டுச் சுவரில் போய் முட்டுகிறது. பகல் வெயிலிலும் இரவுக் குளிரிலும் சிமென்ட் இணைப்பு விரிசல் விட்டபின், அந்த விரிசல் வழியே கசியும் நீர் கல்லுக்கு அடியிலுள்ள மண்ணைக் கரைத்துவிடுவதால், மிதித்தால் ஆடும் கற்கள் ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டே போகின்றன. மாறாக, கற்களுக்கு நடுவே 2 அங்குல இடைவெளி விட்டு அதை ஜல்லியால் நிரப்பினால், நீர் விழுந்த இடத்திலேயே கீழே இறங்கிவிடும். ஆகவே அந்த ஜல்லி முதலில் வடிகால், அதன் பிறகுதான் அலங்காரம். கல்லின் கனம், ஜல்லியின் அளவு, அடித்தளத்தின் ஆழம் ஆகிய அனைத்தையும் இந்த ஒரு நோக்கத்தை முன்வைத்தே தீர்மானிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வேலையைத் தொடங்கப் பொங்கலுக்குப் பிந்திய வாரங்களே உகந்தவை. கிழக்கு நோக்கிய சரிவுகளிலுள்ள குன்னூரும் கோத்தகிரியும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் நன்கு நனைகின்றன. கூடலூர், பந்தலூர்ப் பக்கம் ஜூன் மாதத்தில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழைதான் கனமானது. கொடைக்கானலில் அக்டோபரும் நவம்பரும் அதிக மழை தரும் மாதங்கள். இவை அனைத்தும் ஓய்ந்து, மண் ஓரளவு காய்ந்து, கோடை மழை இன்னும் தொடங்காத ஜனவரி பிற்பகுதி முதல் மார்ச் வரையிலான காலத்தில் தோண்டினால்தான் குழியின் அடிப்பகுதி சேறாகாமல் இருக்கும். ஈரக் களிமண்ணை எவ்வளவு இடித்தாலும் அது இறுகாது. இடிக்க இடிக்கப் பிதுங்கிக்கொண்டு வரும். உதகையில் இம்மாதங்களில் விடியற்காலையில் உறைபனி விழுவதால், வெயில் ஏறி மேல்மண் இளகிய பிறகு வேலையைத் தொடங்குவது நல்லது.

தோண்டுவதற்கு முன்பே, முடிந்தால் முந்தைய மழைக்காலத்திலேயே, குடையைப் பிடித்துக்கொண்டு தோட்டத்தில் நின்று நீர் எங்கிருந்து வருகிறது, எங்கே தேங்குகிறது, எந்த மூலையில் வெளியேறுகிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். கூரையிலிருந்து விழும் நீர் நேராகப் பாதையில் இறங்குவதாக இருந்தால், முதலில் அதற்கு ஒரு குழாய் வைத்துத் திருப்பிவிட வேண்டும். கூரை முழுவதன் நீரையும் தாங்கும் வேலை ஜல்லி இடைவெளிகளுக்கு உரியதல்ல. அடுத்து, பாதை வரவிருக்கும் இடத்தில் ஓரடி ஆழக் குழி ஒன்று தோண்டி நீர் நிரப்பி, அது வற்றியதும் மறுமுறையும் நிரப்பிப் பாருங்கள். இரண்டாம் முறை ஊற்றிய நீர் சில மணி நேரத்தில் இறங்கிவிட்டால் மண் நன்றாக உறிஞ்சுகிறது என்று கொள்ளலாம். மறுநாள் காலையிலும் குழியில் நீர் நின்றால், அடித்தளத்திலிருந்து நீர் வெளியேற ஒரு வடிகால் கட்டாயம் வேண்டும். மலைப்பகுதியின் செம்மண் மேலே பொலபொலவென்று இருந்தாலும் ஒரு முழத்துக்குக் கீழே களியாக மாறிவிடுவது இங்கு சாதாரணம் என்பதால், மேல்மண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்துவிடக் கூடாது.

இனி கல். சிமென்ட் இல்லாமல் பதிக்கும் கல் தன் எடையாலேயே இருந்த இடத்தில் நிற்க வேண்டியிருப்பதால், 2 அங்குலத்துக்குக் குறையாத கனமும் ஒன்றரை அடிக்குக் குறையாத அகலமும் அதற்கு வேண்டும். முக்கால் அங்குலக் கடப்பா கல் விலை குறைவு என்பதால் பலர் அதையே வாங்குகிறார்கள். வீட்டுக்குள் அலமாரித் தட்டுக்கு அது பொருத்தம்தான், ஆனால் ஜல்லிப் படுகையின் மேல் வைத்தால் மிதிக்கும்போது உடையும், பாசி பிடித்த பிறகு வழுக்கவும் செய்யும். முகம் சொரசொரப்பாகக் கொத்திய கருங்கல் பலகையே மலைக்கு ஏற்றது. 2 அடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் 2 அங்குலக் கனமும் உள்ள ஒரு கருங்கல் பலகை ஏறத்தாழ 38 கிலோ எடை இருக்கும் என்பதை மனத்தில் வைத்து, அதைத் தூக்க எப்போதும் இருவராக நில்லுங்கள். எடையைப் பற்றி நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. குன்னூரிலும் கொடைக்கானலிலும் இரவில் காட்டெருமைகள் தோட்டங்களுக்குள் வருவது புதிதல்ல. அவற்றின் குளம்பு ஒரு சிறு கல்லின் ஓரத்தில் பட்டால் அந்தக் கல் புரண்டுவிடும். காட்டுப்பன்றிகளோ மண்புழு தேடி ஓரக்கற்களைக் கிளறிவிடுகின்றன. கனமான பெரிய கல் இவ்விரண்டையும் தாங்கும்.

ஜல்லியைப் பொறுத்தவரை, உருண்டையான கூழாங்கல்லை வேண்டாம் என்றே சொல்வேன். சமதரையில் அது அழகாக இருக்கலாம். சரிவில் ஒன்றன்மேல் ஒன்று உருண்டு, ஒரே மழைக்காலத்தில் பாதையின் கீழ்முனைக்கு வந்து சேர்ந்துவிடும். ஓடையில் கிடக்கும் கற்களை அள்ளி வருவதோ ஓடையையே பாழாக்கும் செயல். அதை நினைத்துப் பார்க்கவும் வேண்டாம். கிரஷரில் உடைத்த ஜல்லிக்குக் கோணங்களும் முனைகளும் இருப்பதால் அது ஒன்றையொன்று கவ்விப் பிடித்து நிற்கும். நமக்கு மூன்று அளவுகள் தேவை: அடித்தளத்துக்கு முக்கால் ஜல்லி (20 மி.மீ.), கல்லுக்கு அடியிலுள்ள படுகைக்குக் கால் ஜல்லி (6 மி.மீ.), கற்களுக்கு நடுவிலுள்ள இடைவெளிக்கு அரை ஜல்லி (12 மி.மீ.). இடைவெளிக்கும் கால் ஜல்லியையே இடலாமே என்று கொத்தனார் சொல்லக்கூடும். கால் ஜல்லி செருப்பின் அடியில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வருகிறது, அடைமழையில் எளிதில் அடித்துச் செல்லப்படுகிறது, துடைப்பத்தால் பெருக்கும்போது சருகோடு சேர்ந்து போகிறது. அரை ஜல்லிக்கு இந்தத் தொல்லைகள் குறைவு. மூன்றில் எதை வாங்கினாலும் தூள் கலக்காமல் வாங்க வேண்டும். கலந்து வந்தால் சல்லடையில் இட்டு நீர் ஊற்றிக் கழுவிய பிறகே பயன்படுத்த வேண்டும். அந்தத் தூள்தான் நாளடைவில் இடுக்குகளில் இறங்கி, சேறாக உறைந்து, நீர்வழியை அடைக்கிறது.

எவ்வளவு தேவை என்பதை முன்கூட்டியே கணக்கிட்டுவிடுங்கள். மலையில் பெரும்பாலும் ஜல்லி மேட்டுப்பாளையத்திலிருந்தோ வத்தலக்குண்டிலிருந்தோ மலைப்பாதை ஏறி வர வேண்டியிருப்பதால், குறைந்துபோன பத்துக் கன அடிக்கு மறுபடியும் வண்டி வைப்பது வீண்செலவு. 30 அடி நீளமும் 4 அடி அகலமும் உள்ள பாதையை எடுத்துக்கொள்வோம். பரப்பு 120 சதுர அடி. அடித்தளம் 4 அங்குலக் கனம் என்றால் 40 கன அடி. இடித்தால் அமுங்கும் என்பதால் 50 கன அடி, அதாவது அரை யூனிட், முக்கால் ஜல்லி வேண்டும். படுகை 1 அங்குலம், 10 கன அடி. அடித்தளத்தின் மேல்முகத்து இடுக்குகளிலும் கொஞ்சம் இறங்கும் என்பதால் 13 கன அடி கால் ஜல்லி வாங்கலாம். பரப்பில் ஏறக்குறைய பத்தில் மூன்று பங்கு இடைவெளி என்று கொண்டால் 36 சதுர அடி. அதை ஒன்றரை அங்குல ஆழத்துக்கு நிரப்ப நாலரைக் கன அடி ஆகும். பின்னால் அமுங்கி இறங்குவதற்கும் சேர்த்து 7 கன அடி அரை ஜல்லி போதும். ஒரு கன அடி ஜல்லி சுமார் 42 கிலோ இருக்கும் என்பதால், அடித்தள ஜல்லி மட்டுமே 2 டன்னைத் தாண்டுகிறது. வண்டி நிற்கும் சாலை வீட்டுக்கு மேலேயோ கீழேயோ இருந்து, படிகளில் பாண்டுச் சட்டியில் சுமக்க வேண்டியிருந்தால், ஒரு நடைக்கு 20 கிலோ என்ற கணக்கில் நூறு நடைக்கு மேல் ஆகும். ஜல்லியின் விலையைவிட இந்தச் சுமைகூலி அதிகமாகவும் வரக்கூடும் என்பதால், ஆட்களிடம் கூலியை முதலிலேயே பேசி முடித்துவிடுவது இருதரப்புக்கும் நல்லது.

பாதையின் இரு ஓரங்களிலும் முளையடித்து நூல் பிடித்து, 7 அங்குல ஆழத்துக்குத் தோண்ட வேண்டும்: அடித்தளம் 4 அங்குலம், படுகை 1 அங்குலம், கல் 2 அங்குலம். மண்வெட்டியும் கடப்பாரையும் இதற்குப் போதும். ஜேசிபி போன்ற இயந்திரங்களை நீலகிரியில் பயன்படுத்த மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். ஒரு தோட்டப் பாதைக்கு அவற்றைப் பற்றி யோசிக்க வேண்டிய தேவையே இல்லை. கறுத்த மேல்மண்ணைத் தனியாகவும் அடியிலுள்ள செம்மண்ணைத் தனியாகவும் குவியுங்கள். மேல்மண்ணைப் பாத்திகளில் பரப்பிவிடலாம். செம்மண்ணைச் சரிவின் விளிம்பில் கொட்டிவிட்டால் அடுத்த மழையில் அது கீழ்வீட்டுக்கோ ஓடைக்கோ போய்ச் சேரும் என்பதால், பள்ளமான இடத்தில் இட்டு இடித்துவிட வேண்டும்.

தோண்டும்போது மிகுந்த பொறுமை வேண்டிய இடம் ஒன்று உண்டு. மலைவீட்டுப் புல்வெளிகளில் பரவியிருக்கும் கிக்குயு புல்லுக்கு மண்ணுக்குள் வெண்மையான, கணுக்கணுவான கொடித்தண்டுகள் இருக்கின்றன. ஒரு கணு மட்டும் மண்ணில் தங்கிவிட்டாலும் அதிலிருந்து மறுபடியும் புல் கிளம்பும். மண்வெட்டியால் கொத்தினால் தண்டு துண்டுகளாகிப் பெருகவே செய்யும். முள்கரண்டியால் மண்ணைப் பெயர்த்து, கட்டியைக் கையால் உதிர்த்து, வெள்ளைத் தண்டுகளை நீளநீளமாக உருவி எடுத்து வெயிலில் காயப்போடுவதே சரியான முறை. தோண்டிய பள்ளத்தை இரண்டு மூன்று வாரம் திறந்து வைத்து, மீண்டும் தலைகாட்டும் முளைகளையும் அகற்றிவிட்டு மேற்கொண்டு போனால், பின்னாளில் ஜல்லிக்குள் புல் பிடுங்கும் வேலை பெருமளவு குறையும்.

சரிவில் அமையும் பாதைக்கு ஒரு தனி ஆபத்து உண்டு. நீளவாட்டில் தோண்டி ஜல்லி நிரப்பிய பள்ளம், அடியில் மறைந்திருக்கும் ஒரு வாய்க்காலாகவே மாறிவிடுகிறது. மேலே இறங்கிய நீரெல்லாம் ஜல்லிக்குள் ஒன்றுசேர்ந்து, அடிமண்ணை அரித்தபடி, கீழ்முனைக்கு விரைகிறது. இதற்கான தீர்வை நம் தேயிலைத் தோட்டங்களிலேயே பார்க்கலாம். சரிவுக்குக் குறுக்காக வெட்டிய வடிகால்களின் நடுநடுவே, முழு உயரத்துக்கு எழாத மண்தடுப்புகளை விட்டுவைத்திருப்பார்கள். நீர் ஒவ்வொரு குழியிலும் நின்று, வண்டலை இறக்கிவிட்டு, மிகுந்தது மட்டும் அடுத்ததற்கு வழியும். அதே முறையில் உங்கள் பள்ளத்திலும் 8 அல்லது 10 அடிக்கு ஒன்றாக, ஓரடி அகலத்துக்குத் தோண்டாத மண்ணை 4 அங்குல உயரத் தடுப்பாக விட்டுவிடுங்கள். அடித்தள ஜல்லியின் மேல்மட்டமும் இந்தத் தடுப்பின் மேல்மட்டமும் ஒன்றாக இருக்கும்; கால் ஜல்லிப் படுகை இரண்டின் மேலும் தொடர்ந்து போகும். ஒவ்வொரு தடுப்பின் மேற்புறத்திலும், பாதையின் தாழ்ந்த பக்கத்தில், ஒரு சாண் அகலத்துக்குக் கிளைவாய்க்கால் ஒன்று வெட்டி ஜல்லி நிரப்பி, அதைப் பக்கத்துப் பாத்திக்கோ புதர்ச்செடிகளின் வேருக்கோ கொண்டுபோய் விட்டால், பாதையில் விழுந்த மழை அங்கங்கே பிரிந்து செடிகளுக்குப் போய்விடும்.

இந்தக் கிளைவாய்க்கால்களை எங்கே விடக் கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். தோட்டத்தின் விளிம்பில் தடுப்புச்சுவர் இருந்தால், அதன் முதுகுப்பக்கத்து மண்ணில் நீர் இறங்குமாறு எதையும் அமைக்காதீர்கள். நீர் ஊறிய மண்ணின் எடையும் அழுத்தமும் கூடி, சுவரை வெளிப்புறமாகத் தள்ளும். சுவரில் விட்டிருக்கும் கசிவுத் துளைகள் அடைபட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். 2009 நவம்பரில் நீலகிரியில் பெய்த பெருமழையில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நீர் ஊறிய சரிவு எப்படி நடந்துகொள்ளும் என்பது இம்மலையில் வாழும் எவருக்கும் புதிதல்ல. சுவரை ஒட்டிய பாதையாக இருந்தால், அந்த நீரைக் குழாய் வழியே சுவரைத் தாண்டித் தெரு வடிகாலில் சேர்ப்பதே சரி.

பள்ளத்தின் அடியைத் திமிசுக்கட்டையால் இடித்துச் சமன்செய்து, அதன் மேல் ஜியோ டெக்ஸ்டைல் துணியை விரியுங்கள். அடித்தள ஜல்லி செம்மண்ணுக்குள் புதைந்துபோகாமலும் மண் மேலேறி ஜல்லியில் கலக்காமலும் தடுப்பதே அத்துணியின் வேலை. இரு துண்டுகள் சேரும் இடத்தில் ஓரடி மேற்பொருந்த வேண்டும்; மேட்டுப்பக்கத் துண்டு மேலேயும் பள்ளப்பக்கத் துண்டு கீழேயும் இருக்குமாறு விரித்தால் நீர் இணைப்புக்குள் புகாது. இதற்குப் பதிலாகப் பழைய பிளெக்ஸ் பேனரையோ தார்ப்பாயையோ விரிப்பவர்கள் இருக்கிறார்கள். நீர் புகாத எந்தப் பொருளும் இங்கே உதவாது. அது நீரைத் தேக்குவதோடு, சரிவில் ஜல்லி முழுவதும் வழுக்கி இறங்குவதற்கான தளமாகவும் அமைந்துவிடும். துணியைப் படுகையின் மேல், இடைவெளி ஜல்லிக்கு நேர் அடியில், விரிப்பதும் தவறு. ஜல்லி அதன் மேல் பிடிப்பின்றி நகர்ந்து, சில மாதங்களில் துணியின் ஓரம் வெளியே தெரியத் தொடங்கும்.

துணியின் மேல் முக்கால் ஜல்லியை 2 அங்குலம் பரப்பி இடித்து, பிறகு இன்னொரு 2 அங்குலம் பரப்பி மறுபடியும் இடிக்க வேண்டும். நான்கையும் ஒரேயடியாகக் கொட்டி இடித்தால் மேலே மட்டும் இறுகும். இந்த நிலையிலேயே வாட்டத்தையும் கொடுத்துவிட வேண்டும். ஓரடிக்குக் கால் அங்குலம் என்பது போதுமான கணக்கு; அதன்படி 4 அடி அகலப் பாதையின் ஒரு பக்கம் மற்றதைவிட 1 அங்குலம் தாழ்ந்திருக்கும். அந்தத் தாழ்வு வீட்டின் அஸ்திவாரத்தை விட்டு விலகிய பக்கமாக இருக்க வேண்டும். மட்டப்பலகையின் தாழ்வான முனைக்கு அடியில் 1 அங்குல மரத்துண்டு ஒன்றை வைத்து, மேலே ரசமட்டத்தை வைத்துப் பார்த்தால் வாட்டம் சரியா என்று உடனே தெரிந்துவிடும்.

ஓரக்கற்களை இப்போதே நிறுத்திவிடுவது நல்லது. மேட்டுப்பக்கத்து ஓரக்கல் தரைக்கு மேல் 2 அங்குலம் எழுந்து நிற்க வேண்டும். பாத்தியிலிருந்து இறங்கும் செம்மண் நீரை அது தடுத்தால்தான் இடைவெளிகள் சேறு படியாமல் பிழைக்கும். பள்ளப்பக்கத்துக் கல் தரைமட்டத்திலேயே இருக்கட்டும்.

படுகைக்கு எம்-சாண்ட் போடுவதே கட்டடத் தொழிலில் பழக்கம் என்பதால், இங்கே கொத்தனாரோடு சற்று வாதாட வேண்டி வரலாம். மண்ணால் இறுகிய தளத்தின் மேல் மணல் நிற்கும். தூளில்லாத முக்கால் ஜல்லியின் மேல் இட்ட மணலோ ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இடுக்குகளில் வழிந்து இறங்கி, கல்லின் அடியை வெறுமையாக்கிவிடும். கால் ஜல்லியே அந்த இடத்துக்கு உரியது. அதை 1 அங்குலம் பரப்பி, மட்டப்பலகையால் இழுத்துச் சமன்செய்து, அதன் பிறகு அதை மிதிக்காமல் கற்களை வைத்துக்கொண்டே போக வேண்டும்.

கல்லை வைக்கும் முறையைக் கூர்ந்து கவனியுங்கள், ஏனெனில் பாதையின் ஆயுள் இங்கேதான் தீர்மானமாகிறது. இருவர் கல்லைக் கிடைமட்டமாகப் பிடித்து நேராக இறக்க வேண்டும். ஒரு முனையை முதலில் ஊன்றினால் அந்த முனை படுகையைக் குழைத்துவிடும். இறக்கியதும், கல்லின் நடுவிலிருந்து மூலைகளை நோக்கி மரச்சுத்தியலால் தட்டுங்கள். அடியில் முழுவதும் பொருந்தியிருந்தால் ஓசை கனமாகவும் மந்தமாகவும் வரும். வெற்றிடம் இருந்தால் அந்த இடத்தில் மட்டும் ஓசை எதிரொலித்து வரும். அப்படி வந்தால் சந்தின் வழியே ஜல்லியைத் திணித்துச் சரிசெய்ய முயல வேண்டாம். கல்லை மறுபடியும் தூக்கிவிட்டுப் படுகையைப் பார்த்தால், கல் பட்ட இடங்களில் ஜல்லி தட்டையாக அமுங்கியும், படாத இடங்களில் பரப்பியபோது இருந்தபடியே தளர்ந்தும் கிடக்கும். தளர்ந்த இடத்தில் ஒரு பிடி கால் ஜல்லியைத் தூவி, மீண்டும் கல்லை இறக்குங்கள். கடைசியில் நான்கு மூலைகளிலும் ஒவ்வொன்றாக முழு எடையோடு ஏறி நின்று, சிறிதும் ஆடாத கல்லை மட்டுமே விட்டுவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும்.

கற்களுக்கு நடுவே 2 அங்குலம் முதல் 3 அங்குலம் வரை இடைவெளி விடலாம். கல் அங்கொன்றும் இங்கொன்றுமாக வைக்கும் நடைபாதையாக இருந்தால், ஒரு கல்லின் நடுவிலிருந்து அடுத்த கல்லின் நடுவுக்கு 22 அல்லது 24 அங்குலம் இருப்பது பெரும்பாலோரின் நடைக்குப் பொருந்தும். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் அவர்களையே நடக்கச் சொல்லி, காலடி விழும் இடங்களைக் குறித்துக்கொள்வது இன்னும் நல்லது.

இடைவெளியை நிரப்பும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். பாதையின் மேல்முனையில் ரப்பர் குழாயைத் திறந்துவிட்டுச் சிறிது நேரம் நீர் ஓட விடுங்கள். கிளைவாய்க்கால்களில் நீர் தெளிவாக வெளியேறினால் அடித்தளம் சரியாக அமைந்திருக்கிறது. எங்காவது தேங்கினாலோ, செம்மண் கலங்கி வந்தாலோ, அங்கே கல்லைத் தூக்கித் திருத்துவது இப்போது எளிது. பிறகு, கழுவிக் காய்ந்த அரை ஜல்லியைச் சட்டியிலிருந்து நேராகக் கொட்டாமல், சிறு முறத்தாலோ கையாலோ இடைவெளிகளில் இட்டு, ஒரு மரக்கட்டையின் முனையால் குத்திக் குத்தி இறுக்க வேண்டும். ஜல்லியின் மேல்மட்டம் கல்லின் மேல்மட்டத்தைவிட அரை அங்குலம் தாழ்ந்திருக்கட்டும். சமமாக நிரப்பினால் ஜல்லி கல்லின் மேல் சிதறிக் காலடியில் உருளும். மூடுபனி நாளில் ஈரக் கல்லின் மேல் உருளும் ஒரு ஜல்லி, ஒருவரை விழச்செய்யப் போதுமானது.

10 அடி நீளத்துக்கு ஓரடிக்கு மேல் இறங்கும் சரிவில், ஜல்லி இடைவெளிப் பாதையை அப்படியே போட முயலக் கூடாது. அங்கே கருங்கல் படிகளை அமைத்து, படிகளுக்கு நடுவிலுள்ள சமதளங்களில் மட்டும் மேற்சொன்ன முறையைப் பின்பற்ற வேண்டும். படியின் உயரம் 6 அங்குலத்துக்கு மிகாமலும், கால் வைக்கும் அகலம் 15 அங்குலத்துக்குக் குறையாமலும் இருந்தால், மழையில் கையில் பாரத்தோடும் இறங்கலாம்.

முதல் மழைக்காலம் முடிந்ததும் ஜல்லி சற்று இறங்கியிருக்கும். மீதம் வைத்த ஜல்லியால் அதை நிரப்புங்கள். அதன் பிறகு முக்கியமான பராமரிப்பு சருகை அகற்றுவதுதான். இடைவெளியில் முளைக்கும் களைகளில் பெரும்பாலானவை கீழிருந்து வருவதில்லை. தைலமர இலையும் சில்வர் ஓக் சருகும் சைப்ரஸ் துகளும் ஜல்லியில் மட்கி மண்ணாகி, அதில் காற்றில் வந்த விதை முளைக்கிறது. வாரம் ஒருமுறை ஈர்க்குத் துடைப்பத்தால் பெருக்கினால் போதும். முளைத்துவிட்டவற்றை மழை பெய்த மறுநாள், வேர் இளகியிருக்கும்போது, கையால் பிடுங்குங்கள். உப்பையோ பிளீச்சிங் பவுடரையோ தூவ வேண்டாம். இடைவெளி வழியே இறங்குவதெல்லாம் உங்கள் செடிகளின் வேருக்கே போகிறது. கல்லின் முகத்தில் பாசி படிந்தால் நாரால் ஆன கெட்டித் தூரிகையும் வெறும் நீரும் கொண்டு தேய்த்து, மேலே நிழல் கவிக்கும் கிளைகளைக் கொஞ்சம் கழித்துவிடுங்கள். சில ஆண்டுகள் சென்று மழைநீர் முன்போல் சட்டென்று இறங்காமல் இடைவெளியில் நிற்கத் தொடங்கினால், அந்தப் பகுதியிலுள்ள அரை ஜல்லியை மட்டும் அள்ளி, சல்லடையில் கழுவி, திரும்ப இட்டுவிடலாம்; கற்களைத் தொட வேண்டியதில்லை.